பள்ளம் எந்தப் பக்கம்?

புட்பால்ல புல்பேக்கு ஆட வந்திருக்கிற தம்பிகளுக்கு மொதல்ல ஒன்னு சொல்லிர்றேன். கோல் போட்டவனைத்தான் தோள்ல தூக்குவாய்ங்க. கோல் விழாமத் தடுத்தவனை எவனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். ஒன்னு விழுந்துருச்சுன்னா மட்டும், பேக்கு என்னத்தப் புடுங்கிக்கிட்டு இருந்தான்னு ஊரே கேக்கும். இது ஒத்துவராதுன்னா இப்பவே முன்னால போய் ஆடுங்க, நான் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டேன்.

பந்தை எப்படி நிறுத்துறது, எப்படித் தலையால முட்டுறதுங்கிறதெல்லாம் உங்க கோச்சருங்க சொல்லித் தருவாங்க. நான் சொல்லப்போறது வேற. பேக்குக்குக் கண்ணு முன்னால, காது பின்னால. எதிராளி மேல இருக்கிற கண்ணை எடுக்க முடியாது. முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு கோல்கீப்பர் போடுற சத்தம்தான் நமக்குச் சொல்லும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் காலேஜுலயும் ஆடினேன், பிறகு டிபார்ட்மென்ட் டீமுலயும் ஆடினேன். ஒரே ஒரு மேட்சுல அந்தச் சத்தம் தப்பாப் போச்சு. அந்தக் கதையைக் கேட்டுக்கங்க.

எழுபதுகளோட கடைசி. எனக்கு மதுரையில ஒரு கவர்மென்ட் டிபார்ட்மென்ட்ல வேலை. வேலைன்னா, பந்து ஆடுறதுக்காகக் குடுத்த வேலை. காலையில பிராக்டிஸ், மத்தியானம் ஆபீசு, சீசன்ல ஊர் ஊரா மேட்சு. நம்ம பக்கத்துல புட்பாலை வச்சு ஒருத்தன் சோறு திங்கணும்னா அன்னைக்கு அது ஒன்னுதான் வழி. பந்தை உதைக்கிறவனுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்னு எங்க ஊரு தேவாரத்துல எங்கப்பா ரொம்ப நாளைக்கு நம்பவே இல்ல.

ஏலக்காய் எடுப்பு முடிஞ்ச கையோட போடிமெட்டுக்கு மேல இருக்கிற எஸ்டேட்டுகளுக்குள்ள டோர்னமென்ட் நடக்கும். ஒவ்வொரு டீமும் வெளியாளு ஒருத்தனைச் சேத்துக்கிடலாம்னு அங்க வழக்கம். ஒரு எஸ்டேட் டீமுக்கு நான்தான் வெளியாளு. ஜீப்பு அனுப்புவாங்க, நல்லா சோறு போடுவாங்க, வழிச்செலவுக்கு ஏதோ குடுப்பாங்க. ஜெயிச்சா, வெளியாளு கில்லாடிம்பாங்க. தோத்தா, வெளியாளு அந்தப் பக்கம் விலை போயிட்டான்னு சொல்லிருவாங்க. அதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்குறவன் மலைக்கு ஆடப் போகக்கூடாது.

அந்த டீமுக்குக் கீப்பர் சுருளி. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல அடுப்புக்கு விறகு போடுற சோலி. என்னைவிட இளையவன். பந்து அவன் கையில போய் ஒட்டிக்கிரும். எத்தனையோ கீப்பருக்கு முன்னால ஆடியிருக்கேன், இவனை மாதிரி தெளிவாச் சத்தம் குடுத்தவனை நான் பாத்ததில்ல. மொத்தமே மூணு வார்த்தைதான். "அடி"ன்னா யோசிக்காம உதைச்சு வெளிய தள்ளு. "ஏறு"ன்னா முன்னால போ. "விடு"ன்னா காலை எடுத்துரு, பந்து தன்னால வெளிய போயிரும்.

சுருளிக்குக் கைப்புள்ளையா ஒரு பொம்பளப்புள்ள. அதுக்கு மூச்சிரைப்பு. மலையில மூடுபனியை மஞ்சுன்னு சொல்வாங்க. மஞ்சு எறங்குச்சுன்னா அந்தப் புள்ள மூச்சுக்குத் தவிக்கும், பாக்கச் சகிக்காது. கீழ கூட்டிப் போயிரு, இங்க வச்சிருந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கீழ போனா என்ன சோலி பாத்துப் பொழைக்கிறது? அதுதான் சுருளியோட கவலை. அந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் டீமுக்குக் கீப்பர் தேவைப்பட்டுச்சு. எங்க கோச்சரை நச்சரிச்சு நச்சரிச்சு, பைனல் பாக்க மலைக்குக் கூட்டியாந்துட்டேன். அவரு லேசுல யாரையும் நல்லா ஆடுறான்னு சொல்ல மாட்டாரு. கொண்டைஊசி வளைவெல்லாம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்து எறங்கினவரு, "உன் கீப்பர் மட்டும் சொத்தையா இருந்தான், உன்னைய இங்கிட்டே உருட்டி விட்டுட்டுப் போயிருவேன்"னாரு.

கிரவுண்டைப் பத்திச் சொல்லணும். மலையை வெட்டி நிரவுன எடம். ஒரு பக்கம் நெடுகலும் மேடு, மண்சுவரு. மறுபக்கம் பள்ளம், அதுக்குக் கீழ ஏலத்தோட்டம். மேட்டுப் பக்கம் கோடே கிடையாது. பந்து மண்சுவத்துல பட்டுத் திரும்புனா ஆட்டம் ஓடிக்கிட்டே இருக்கும், அதுதான் அங்க சட்டம். பள்ளத்துப் பக்கம் போச்சுன்னா அவுட்டு. ஏலச்செடிக்குள்ள எறங்கித் தேடிக் கொண்டாரணும், அதுவரைக்கும் ரெப்ரி வாட்சை நிறுத்த மாட்டாரு. அதனால ஒரு கோல் முந்தி இருக்கிற டீமோட பேக்கைப் பாத்துச் சனம் ஒன்னைத்தான் கத்தும், பள்ளத்துக்கு அடி, பள்ளத்துக்கு அடின்னு.

நான் ரைட் பேக்கு. மொதப் பாதியில என் வலதுகைப் பக்கம் பள்ளம். ரெண்டாவது பாதியில பக்கம் மாறுனதும் வலதுகைப் பக்கம் மேடு. இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

மொதப் பாதி முடியிறப்ப பாண்டி ஒரு கோல் போட்டான். பாண்டிதான் எங்க கேப்டன், எங்க சென்டர் பார்வேர்டு, அந்த எஸ்டேட்டு ஜீப்பு டிரைவரும் அவன்தான். போன ரெண்டு பைனலும் தோத்து, மத்த எஸ்டேட்டுக்காரய்ங்க கேலி பேசிப் பேசி அவனுக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சு கெடந்துச்சு. எங்களுக்கு மாத்து ஆளு கிடையாது. இருந்த ஒருத்தனும் காய்ச்சல்ல படுத்துட்டான்.

ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எதிராளி ஒருத்தன் பந்தோட உள்ள வந்துட்டான். சுருளி அவன் காலடியில பாஞ்சு பந்தைப் பிடிச்சுட்டான். பிடிச்ச வேகத்துல தலை போய்க் கோல்போஸ்ட்டுல மோதிருச்சு. மரக்கம்பு. சத்தம் எனக்குக் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பாத்தா பந்து இன்னும் நெஞ்சுலதான் இருக்கு, விடல. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கெடந்தான். சோடாவை மூஞ்சியில அடிச்சாங்க. எந்திரிச்சு உக்காந்து சிரிச்சான். சனம் கையைத் தட்டுச்சு. மேட்டு மேல நாற்காலி போட்டு உக்காந்திருந்த கோச்சரும் தட்டுனாரு. நானும் சரி, தப்பிச்சான்னு என் எடத்துக்குப் போயிட்டேன்.

பின்னால சத்தமெல்லாம் பழையபடியேதான் வந்துச்சு. அடி, ஏறு, அடி. ஒரு கொறையும் இல்ல. அதுக்குள்ள பள்ளத்துல இருந்து மஞ்சு ஏறி எங்க கோல் பக்கத்தை மூடிருச்சு. மேட்டுல இருக்கிறவங்களுக்குச் சுருளி கண்ணுலயே படல. அந்த நேரம் எதிராளி விங்கர் ஒரு நீளப் பந்தை என் வலதுபக்கம் தட்டிவிட்டு ஓடியாரான். நான் அவனை முந்திட்டேன், காலை ஓங்கிட்டேன். பின்னால இருந்து சுருளி, "விடுண்ணே, பள்ளம், விடு"ங்கிறான்.

கீப்பர் சொன்னா மொதல்ல செய்யணும், பெறகுதான் யோசிக்கணும். அப்படியே ஊறிப்போன காலு. எடுத்துட்டேன். பந்து நேரா மண்சுவத்துல பட்டு அந்த விங்கர் காலுக்கே திரும்பி வந்துச்சு. அவன் உள்ள தூக்கிப் போட, இன்னொருத்தன் ஓடியாந்து அடிக்க, பந்து போஸ்ட்டை ஒரசிக்கிட்டு வெளிய போச்சு. சுருளி அசையவே இல்ல. பந்து போன தெசையைக்கூட அவன் பாக்கல.

வலதுபக்கம் பள்ளம் இருந்தது மொதப் பாதியில. இவன் இன்னும் மொதப் பாதியில நிக்கிறான்.

அடுத்து என் காலுக்கு வந்த பந்தை இடதுபக்கமாத் திருப்பி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுப் பள்ளத்துக்கு உதைச்சேன். கிரவுண்டையே தாண்டி ஏலத்தோட்டத்துக்கு நடுவுல போய் விழுந்துச்சு. எங்க ஆளுக எல்லாம் ஆரவாரம் பண்றாய்ங்க. டைம் ஓட்டுறேன்னு நெனப்பு. பந்தைத் தேட ஆள் எறங்குன நேரத்துல நான் மஞ்சுக்குள்ள சுருளிகிட்டப் போனேன். ஒரு கையால போஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"என்னப்பு, தலை வலிக்குதா?"ன்னேன்.

"லேசா வலிக்குதுண்ணே, அவ்வளவுதான். சார் பாத்துக்கிட்டு இருக்காராண்ணே?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"நல்லா ஆடுறேனாண்ணே?"

"நல்லா ஆடுற. வா, போய்க் கொஞ்சம் உக்காரு."

என் கையை எட்டிப் பிடிச்சுக்கிட்டான். "அண்ணே, சொல்லிராதீங்கண்ணே. தலையில அடின்னு தெரிஞ்சா சார் எடுக்க மாட்டாரு. இந்த ஒரு மேட்ச்சு மட்டும் ஆடிர்றேன். எம்புள்ளைக்காகண்ணே." சொல்லி முடிச்சுட்டு மறுபடி கேக்குறான், "சார் பாத்துக்கிட்டு இருக்காராண்ணே?"

தம்பிகளா, அந்த எடத்துல என் நெலைமையை யோசிச்சுப் பாருங்க. கோச்சரைக் கூட்டியாந்தது நான். இவனுக்கு ஆசை காட்டுனது நான். இப்ப நானே போய் இவன் தலையில அடின்னு சொன்னா, அந்தச் சொல்லோட வேலை போச்சு. சொல்லலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. நான் என்ன டாக்டரா? தலையில அடிபட்டுச் சோடா குடிச்சுட்டுக் கடைசி வரைக்கும் ஆடுனவன் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். ஒன்னும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள பயம். பந்து கெடச்சுருச்சுன்னு கீழ இருந்து சத்தம் கேக்குது, வெரசா ஒரு முடிவுக்கு வந்தாகணும்.

நான் கையை ஒசத்திக்கிட்டு ரெப்ரிகிட்டப் போனேன். போடியில பி.டி. மாஸ்டரா இருந்தவரு. "சார், எங்க கீப்பருக்கு நெனவு தப்புது. ஆட்டத்தை நிறுத்துங்க"ன்னேன்.

பாண்டி பாஞ்சு வந்தான். "என்னண்ணே வெளையாடுறீங்களா? அவன் நின்னுக்கிட்டு இருக்கான், பேசுறான். ஒரு கோலு முந்தி இருக்கோம். அவன் போனா கோல்ல யாரு நிக்கிறது?"

"அவனைக் கீழ கொண்டுபோகணும் பாண்டி. ஜீப்பை எடு."

"நானும் போயிட்டா டீமு என்னத்துக்கு ஆகும்? முடிச்சுட்டுப் போவோம். இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம் தாங்க மாட்டான்டா."

"நீங்க டாக்டரா?" அவன் குரல் மாறிருச்சு. "இல்ல, அந்தப் பக்கம் யாராச்சும் வந்து பேசிட்டாய்ங்களா?"

பளார்னு ஒன்னு விட்டிருப்பேன். கை வரைக்கும் வந்துருச்சு. அடக்கிக்கிட்டு அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு சுருளி முன்னால கொண்டு போய் நிறுத்துனேன்.

"சுருளி, பாண்டி கோல் போட்டான்ல, எப்படிப் போட்டான்? காலாலயா, தலையாலயா?"

சுருளி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். பெறகு பாண்டியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "இன்னும் யாரும் கோலே போடலியே மாப்ளே. இனிமே நீதான் போடணும்"னான்.

பாண்டி திரும்பி ஜீப்பைப் பாத்து ஓடுனான். அந்த ஓட்டத்தை அவன் பந்துக்குப் பின்னால ஓடிக்கூட நான் பாத்ததில்ல.

எதிர் டீமு கேப்டன் மலையாளத்துக்காரரு. விஷயம் புரிஞ்சதும், "கொண்டு போ, கொண்டு போ, களி பின்னே"ன்னு, ஆட்டம் பெறகு பாத்துக்கலாம்னு, வழியை விலக்கி விட்டாரு. எங்க எஸ்டேட்டுச் சனத்துக்குத்தான் புரியல. மஞ்சுல அவங்களுக்கு என்ன தெரியும்? நல்லா நின்னுக்கிட்டு இருந்த கீப்பரை வெளியாளு தள்ளிக்கிட்டுப் போறான், டிரைவரும் கூடப் போறான். ஜீப்பை மறிச்சுட்டாய்ங்க. எவனோ மண்ணாங்கட்டியை எடுத்து எறிஞ்சான், என் தோள்ல பட்டுச்சு. சுருளி சம்சாரம் செல்வி கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு வந்து ஏறுச்சு. "வழி விடுறீங்களா, ஏத்திக்கிட்டுப் போகவா?"ன்னு பாண்டி கத்துனதும்தான் வெலகுனாய்ங்க. கோச்சர் முன்சீட்டுல ஏறிக்கிட்டாரு. அவரை யாரும் கூப்பிடல.

போடிமெட்டு எறக்கம் நீங்க இப்பப் பாக்குற ரோடு இல்ல. மஞ்சுல முன்னால என்ன வருதுன்னே தெரியாது. ஆள் ஏத்திக்கிட்டு எதுக்க வந்த எஸ்டேட் ஜீப்பு ஒன்னு ஒரு வளைவுல எங்களை ஒரசிக்கிட்டுப் போச்சு. பின்னால நான் சுருளி தலையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் ஆடாமப் பிடிச்சிருந்தேன். செல்வி அவன் பாதத்தைத் தேச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். கண்ணைத் தொறக்கல. வாய் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஏறு. அடி. விடுண்ணே.

"என்னங்க சொல்றாரு?"ன்னு செல்வி கேட்டுச்சு.

"பந்து ஆடுறான் ஆத்தா. அவன் பேசுறது நல்லதுதான், பேசட்டும்"னேன்.

கொஞ்சம் கொஞ்சமா அந்தச் சத்தம் தேஞ்சு, மலையடிவாரத்துல முந்தல் தாண்டுறப்ப சுத்தமா நின்னுபோச்சு. தட்டிப் பாத்தேன், சுருளி சுருளின்னு கூப்பிட்டுப் பாத்தேன், ஒன்னும் இல்ல. அதுக்கு முன்னாலயும் அதுக்குப் பின்னாலயும் நான் அப்படிப் பயந்ததில்ல. கோச்சர் திரும்பிப் பாத்தாரு. பாண்டி மட்டும் திரும்பல, அழுதுக்கிட்டே ஓட்டுனான்.

போடி ஆஸ்பத்திரியில டாக்டர் இமையைத் தூக்கி லைட் அடிச்சுப் பாத்தாரு. ஒரு கண்ணுமணி சுருங்குச்சு, இன்னொன்னு பெருசா அப்படியே நின்னுச்சு. மண்டைக்குள்ள ரத்தம் கசியுது, மதுரைக்குப் போங்க, நிக்காதீங்கன்னு வண்டி ஏற்பாடு பண்ணி அனுப்பிட்டாரு. அங்க மண்டையைத் தொறந்து ஆபரேசன் பண்ணுனாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கொண்டுவந்து புண்ணியமில்லைன்னு சொன்னாங்க. பொழைச்சுக்கிட்டான்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல கோச்சர் என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "மொதப் பாதியிலயே முடிவு பண்ணிட்டேன்யா, இவனை எடுத்தாச்சுன்னு. எடைவேளையிலயே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். மேட்ச்சு முடியட்டும்னு உக்காந்திருந்தேன்"னாரு.

"இனிமே எடுக்க முடியாதா சார்?"

"மண்டையில ஆபரேசன் பண்ணவனை மெடிக்கல்ல எவன்யா பாஸ் பண்ணுவான்?"

அடிபட்டப்பவே சுருளி எந்திரிச்சு வெளிய வந்திருக்கலாம், அவன் பரீட்சை அதுக்கு முந்தியே முடிஞ்சு போயிருந்துச்சு. கோச்சருக்கு அது தெரியும், சுருளிக்குத் தெரியாது. அதை நெனைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. உங்கள்ல யாராச்சும் நாளைக்குக் கோச்சர் ஆனீங்கன்னா, எடுத்தவனை எடுத்தாச்சுன்னு அப்பவே சொல்லித் தொலைங்க.

மூணு ஆளு கொறஞ்சதுல கப்பு அந்தப் பக்கம் போயிருச்சு. அதுக்குப் பெறகு அந்த மலைக்கு என்னை யாரும் ஆடக் கூப்பிடல. வெளியாளு விலை போயிட்டான்னு பேச்சு. பாண்டி ஒருத்தன்தான் எனக்காக எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டினான்.

சுருளி குடும்பத்தோட கீழ எறங்கிட்டான். போடியில ஒரு ஏலக்காய்க் கடையில எடை போடுற சோலி கெடச்சுச்சு. புள்ளைக்கும் மூச்சிரைப்பு கொறஞ்சிருச்சு. ஆனா எங்கூடப் பேச மாட்டான். அந்த மேட்ச்சு அவனுக்குச் சுத்தமா நெனவுல இல்ல. எஸ்டேட்டுல பேசிக்கிட்டதுதான் அவன் காதுக்குப் போய்ச் சேந்திருக்கு. எண்பதுகள்ல ஒரு நா, முட்டி போய் நானும் ஆட்டத்தை விட்டுட்ட பெறகு, போடி பஸ் ஸ்டாண்டுல நேருக்கு நேரா மாட்டிக்கிட்டோம். அன்னைக்குத்தான் வாயைத் தொறந்தான்.

"எதுக்குண்ணே சொன்னீங்க? என் பொழப்பே போச்சே. நான் உங்ககிட்டச் சொல்லச் சொன்னேனா?"

"இல்லப்பு. சொல்லாதீங்கன்னுதான் கேட்ட. என் கையைப் பிடிச்சுக் கெஞ்சுன."

அவனுக்கு இது புதுசு. "கெஞ்சினேனா? நான் கெஞ்சியுமா கேக்கல நீங்க?"ன்னான்.

டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். கண்ணுமணியைச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் செல்வி அவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துருச்சு. ஆமாப்பு, கேக்கலைன்னு மட்டும் சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும் தம்பிகளா. கீப்பரா இருக்கணும்னு இல்ல, யாராச்சும் ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுவான். அவன் மனசு நோகாம முடிவெடுக்க முடியாது. ஊரு காறித் துப்பும், அவனும் துப்புவான். நன்றி கெடைக்கும்னு நெனைச்சீங்கன்னா உங்களால முடிவே எடுக்க முடியாது.

போன வாரம்கூடக் கடைவீதியில சுருளியைப் பாத்தேன். என்னையக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கமாப் போனான். நல்லா நடந்து போனான்.